பெரிய சிஸ்டருக்குச் சத்தம் ஆகாது

காட்பாடி ஜங்ஷனில் வண்டி லேட். எதிர் பெஞ்சில் ஒரு பெண், மடியில் தூங்கும் குழந்தை, பக்கத்தில் அவள் நாத்தனார். கல்யாண வீட்டில் தங்களைப் பந்திக்கு யாரும் கூப்பிடவே இல்லை என்று அந்தப் பெண் கொதித்துக்கொண்டிருந்தாள். வலது கை காற்றில் பறந்தது. இடது கை மட்டும் குழந்தையின் வயிற்றின் மேல் அசையாமல் கிடந்தது. திடீரென்று குழந்தைக்குப் புரையேறியது. அவள் பேச்சு நிற்கவில்லை, கண் கூடத் திரும்பவில்லை. இடது கை தானாகக் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டு, தட்டி, மறுபடி மடியில் படுக்கவைத்து, வயிற்றின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. "எங்க அண்ணன் மட்டும் அங்க இருந்திருந்தா" என்று அவள் தொடங்கிய வாக்கியம் முடிவதற்குள் இதெல்லாம் முடிந்துவிட்டது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்திலிருந்த பெரியவர் வண்டி வந்துவிட்டது என்று நினைத்து மூட்டையைத் தூக்கிக்கொண்டார்.

எங்கள் மருத்துவமனைக் குழந்தைகள் வார்டிலிருந்து நாங்கள் வெளியே அனுப்பியது இந்தக் கையைத்தான். அதை உள்ளே கூப்பிட்டால் போதும். இத்தனை வருஷம் இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. ஆம்பூர் போய்ச் சேரும்வரை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒருவரையே மனசுக்குள் திட்டிக்கொண்டு போனேன். பெரிய சிஸ்டரை.

அவருக்குப் பெயர் இருந்தது. வார்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. நான் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தபோது குழந்தைகள் வார்டுக்கு அவர்தான் பொறுப்பு. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு நடுவே இருந்த மருத்துவமனை எங்களுடையது. ஜன்னலைத் திறந்தால் ஊறும் தோலின் நாற்றமும் ஈயும் சேர்ந்து வரும். எங்கள் அப்பாவும் ஷாப்பில்தான் வேலை. எனக்கு அந்த நாற்றம் வீட்டு வாசனை. பெரிய சிஸ்டருக்கும் நாற்றம் ஒரு பொருட்டில்லை. அவருக்கு ஆகாதது ஒன்றே ஒன்றுதான். சத்தம்.

ரப்பர் அடி போட்ட கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வருவார். பின்னால் வந்து நிற்பது தெரியாது. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருப்பார். சைக்கிள் கடையில் எண்ணெய் வாங்கிவந்து டிராலிச் சக்கரங்களுக்கும் கதவுக் கீல்களுக்கும் தன் கையாலேயே விடுவார். எவர்சில்வர் டம்ளர் கீழே விழுந்தால் டங்கென்று கேட்கும் என்று பிளாஸ்டிக் டம்ளர் வாங்கவைத்தார். பார்க்க வரும் அம்மாக்கள் கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டிருந்தால் கதவிலேயே நிறுத்தி, வளையல்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுத்துணியால் சுற்றிவிடுவார். வாணியம்பாடியிலிருந்து வந்த ஒரு பெண், கையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் அடிபடலியே சிஸ்டரம்மா" என்று கேட்டாள். பெரிய சிஸ்டரே சிரித்துவிட்டார். சத்தமில்லாமல்தான்.

"கம்முனு இருக்கிற புள்ளதான் கொணமாவுற புள்ள" என்பது அவர் அடிக்கடி சொல்வது. மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு பெரிய மனிதர் எங்கள் வார்டு வாசலில் நின்று, இது குழந்தைகள் வார்டா, ஜெபம் பண்ணுகிற இடமா என்று கேட்டார். அந்த வாரம் முழுக்கப் பெரிய சிஸ்டர் யாரையும் திட்டவில்லை.

இதை மட்டும் சொன்னால் அவரை ராட்சசி என்று நினைத்துவிடுவீர்கள். அவர் எதற்காகச் சத்தத்துக்குப் பயந்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

எங்களிடம் வரும் குழந்தைகளில் பாதிப் பேர் வெந்து போனவர்கள். கஞ்சி கொட்டிக்கொண்டவர்கள், அடுப்பில் கை வைத்தவர்கள், ஷாப்பில் அம்மா வேலை செய்யும்போது விளையாடப் போய்த் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் விழுந்தவர்கள். வெந்த புண்ணுக்குக் கட்டு மாற்றுவது எப்படி இருக்கும் என்று இங்கே எழுத மாட்டேன். துணி தோலோடு ஒட்டியிருக்கும் என்று மட்டும் சொல்கிறேன். அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு வலி மருந்து கொடுக்க மாட்டார்கள். பிடித்துக்கொள்ள இரண்டு பேர், பிரிக்க ஒருவர். எங்கள் சர்ஜன் நல்ல மனிதர், கை சுத்தம், ஏழைகளிடம் முகம் சுளிக்காதவர். அவரே சொல்வார்: "சின்னப் புள்ளைங்க. நாளைக்கே மறந்துடும்."

பெரிய சிஸ்டர் மறக்கவில்லை. ஒருநாள் அவர் கட்டு டிராலிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். நான் அன்று ஓரத்தில் தட்டு பிடித்துக்கொண்டிருந்தேன். குரல் உயரவே இல்லை.

"ஊசி போடாம இந்தப் புள்ளையத் தொட விடமாட்டேன் டாக்டர்."

சர்ஜன் வழிவிடச் சொன்னார். விடவில்லை. குழந்தைக்குப் பெத்தடின் மாதிரி வலி ஊசி கொடுத்துப் பழக்கமில்லை என்றார். பழகிக்கலாம் என்றார் இவர். கடைசியில் சர்ஜன் மருந்தின் அளவைச் சொன்னார், ஊசி போட்டார்கள், அந்தச் சின்னப் பெண் கட்டு மாற்றும்போது விரல் சப்பிக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் பெரிய சிஸ்டருக்கு அடிமையானேன். அவர் மாதிரியே நடந்து பார்த்தேன். என் ஷூவுக்கும் ரப்பர் அடி போட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் வார்டில் வலியோடு யாரும் கட்டு மாற்றிக்கொள்ளவில்லை. சுற்றுப்பட்டில் எந்த மருத்துவமனையிலும் இல்லாத விஷயம் இது. அதைச் செய்தவர் அவர். அதைக் கெடுத்தவரும் அவர். என் கோபத்தின் சிக்கலே இதுதான்.

ஊசி போட்டுக் கட்டு முடிந்ததும் ஒரு சடங்கு நடக்கும். குழந்தையை நேராகப் படுக்கவைத்து, வெள்ளைப் போர்வையைக் கழுத்துவரை இழுத்து, இரண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில் சுருக்கமில்லாமல் செருகுவார். ஈ உட்காராமல் முகத்துக்கு மேலே மெல்லிய மல் துணி. பிறகு அம்மாவை வெளியே அனுப்புவார். முன்பு எப்போதோ ஒரு அம்மா தூங்கும் மகனை முத்தமிட்டு எழுப்பிவிட, அவன் அழ, அவனைக் கேட்டு வார்டு முழுக்க அழுததாம். அதிலிருந்து அம்மாக்களுக்கு இடம் தாழ்வாரத்துக்கு அந்தப்பக்கம், பாதாம் மரத்தடியில். குழந்தை விழிக்கும்வரை அங்கேயே.

பெத்தடின் மூச்சைக் குறைக்கும் என்று எங்களுக்கு வகுப்பு எடுத்ததே அவர்தான். ஊசிக்கு முன்னால் குழந்தையின் மூச்சை எண்ணாமல் விடமாட்டார். ஊசிக்குப் பின்னால் எண்ண மாட்டார். எண்ணவேண்டுமென்றால் போர்வையை விலக்கவேண்டும், விலக்கினால் குழந்தை விழித்துக்கொள்ளும். ஒருநாள் ஒரு பையனைப் பார்த்துவிட்டு, இவன் மூச்சு ரொம்ப மெதுவாக இருக்கிறதே என்று அவரிடம் போய்ச் சொன்னேன். "பின்ன, தூங்குறவன் ஓடியா மூச்சு வுடுவான்?" என்றார். கூட இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பையன் நல்லபடியாக விழித்துக்கொண்டான். அதனால் என் கேள்வி முட்டாள்தனம் என்று ஆகிவிட்டது. நல்லபடியாக விழித்துக்கொண்ட ஒவ்வொரு குழந்தையும் அந்தப் போர்வைக்கு ஒரு நற்சான்று கொடுத்துவிட்டுப் போனது.

சுண்ணாம்புக் குழியில் இடுப்புவரை விழுந்த ஒரு பையன் வந்தான். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வயது. வாய் ஓயாது. வார்டிலிருந்த ஒவ்வொரு பொருளுக்கும் இது இன்னா, அது இன்னா என்று கேட்பான். பெரிய சிஸ்டரின் ஷூவைக் காட்டி, இது பூனையோடதா என்று கேட்டது அவன்தான். அவர் அதற்குக் கோபப்படவில்லை. மற்ற சிஸ்டர்களிடம் போய்ச் சொல்லிச் சொல்லி ரசித்தார்.

அன்று அவனுக்குக் கட்டு நீளமாகப் போனது. முதல் ஊசி பற்றவில்லை, அழுதான். பெரிய சிஸ்டர் சர்ஜனிடம் கேட்டு இன்னொரு ஊசி வாங்கிப் போட்டார். கட்டு முடிந்தது. இங்கேதான் எல்லோரும் தவறுகிற இடம் இருக்கிறது, ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். வலி இருக்கும்வரை அந்த வலியே குழந்தையைத் தட்டி எழுப்பி மூச்சுவிட வைத்துக்கொண்டிருக்கிறது. கட்டு முடிந்ததும் வலி அடங்கிவிடுகிறது. மருந்து அடங்குவதில்லை. அப்பாடா என்று நாம் கையைக் கழுவப்போகிற நேரம்தான் குழந்தையைப் பார்க்கவேண்டிய நேரம்.

அந்த நேரத்தில் அவன் போர்வைக்குள் இருந்தான். அவன் அம்மா பாதாம் மரத்தடியில் இருந்தாள்.

அவள் ஒருமுறை எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். ஷாப்பில் தோல் அலசுகிறவள், பயந்த சுபாவம். கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டுப் பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டாள்.

"புள்ள ரொம்ப கம்முனு கீறான் சிஸ்டரம்மா. தூங்கும்போது இவன் கொறட்ட வுடுவான்."

பெரிய சிஸ்டர் உதட்டில் விரல் வைத்தார். கோபமாக இல்லை, அன்பாகத்தான். உன் பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறான், கெடுக்காதே என்கிற மாதிரி. அவள் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த விரலை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதைவிடப் பெரிய தப்புகள் அன்று நடந்தன, தெரியும். இருந்தாலும் அந்த விரல்.

மத்தியானப் பால் வந்தது. அவனை எழுப்பலாம் என்று மல் துணியை எடுத்தேன். உதடு நாவல் பழ நிறத்தில் இருந்தது. போர்வையை உருவினேன். நெஞ்சு அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கிருந்தோ ஒரு மூச்சு வந்தது. அப்புறம் வரவில்லை.

நான் கத்தினேன். அந்த ஊசி வந்த பிறகு வார்டில் நான் கேட்ட முதல் கத்தல் என்னுடையதுதான்.

பெரிய சிஸ்டர் ஓடிவந்தார். அவனைத் தூக்கி வாயோடு வாய் வைத்து ஊதினார். யாரோ ஊதும் பையைக் கொண்டுவந்தார்கள், அதை வாங்கி அழுத்தினார். பெத்தடினை முறிக்க ஒரு மருந்து உண்டு, மருத்துவமனையிலும் இருந்தது. பெத்தடின் எங்கள் வார்டு அலமாரியில், முறிக்கும் மருந்து கட்டிடத்தின் மறுகோடியில், ஆபரேஷன் தியேட்டர் அலமாரியில். தியேட்டர் அலமாரிச் சாவி யாரிடம் இருந்ததோ அவர் சாப்பிடப் போயிருந்தார். விஷம் ஒரு பூட்டில், முறிவு இன்னொரு பூட்டில். இதை ஏற்பாடு செய்தவர்கள் எல்லோரும் படித்தவர்கள்.

பையன் பிழைத்தான். மூச்சு திரும்பியது, நாடி திரும்பியது, உதட்டில் நிறம் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. அம்மாவை அடையாளம் தெரியவில்லை. இப்போது வளர்ந்துவிட்டான். ஆம்பூர் பஜாரில் அவள் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன், கால்கள் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்குகின்றன. எதற்கும் இது இன்னா என்று கேட்பதில்லை. கம்முனு இருக்கிறான்.

பெரிய சிஸ்டர் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து அவன் வீட்டுக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கிலுகிலுப்பை, விசில், தகர டமாரம் என்று சத்தம் போடுகிற சாமான்களாக வாங்கிப்போய் அவன் காதுக்குப் பக்கத்தில் ஆட்டுவாராம். அந்தத் தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கூடுமாம். இதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. ஆனால் கோபம் குறையவில்லை.

ஏனென்றால் அதற்கு முன்னால் ஒரு கூட்டம் நடந்தது. பெரிய மேஜை, டாக்டர்கள், நிர்வாகத்தார். பால் கொடுக்கப் போய்ப் பார்த்தவள் என்று என்னையும் ஓரத்தில் நிற்கவைத்திருந்தார்கள். இவர் எழுந்து பேசப்போகிறார் என்று காத்திருந்தேன். டிராலிக்கு முன்னால் நின்றவர் அல்லவா. போர்வை வேண்டாம், சாவி இங்கே வேண்டும், அம்மா உள்ளே வேண்டும் என்று சொல்வார் என்று நம்பினேன். எழுந்தார். "எல்லாம் என் தப்பு" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான். எல்லோருக்கும் பெரிய நிம்மதி. தப்பு ஒருவருக்குச் சொந்தமாகிவிட்டது. இனி சாவியைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? என்ன ஒரு தாழ்மை என்று வெளியே வந்து பாராட்டினார்கள். அந்தத் தாழ்மைதான் எனக்குப் பொறுக்கவில்லை. மருந்து வேண்டுமென்று சொல்ல அந்த அறையில் ஒரே ஒருவருக்குத்தான் வாய் இருந்தது. அந்த வாய் மூடிக்கொண்டது. குழந்தைகளுக்கு இனி அந்த ஊசி கிடையாது என்று அன்றே முடிவாயிற்று. பெரிய சிஸ்டர் வேலையை விட்டுவிட்டு, பாகாயத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

இன்றுவரை அந்த முடிவு மாறவில்லை. நான் இப்போது அதே வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். பிடித்துக்கொள்ள இரண்டு பேர், பிரிக்க ஒருவர். திங்களும் வியாழனும் கட்டு மாற்றும் நாள். சத்தம் ரோடுவரை கேட்கிறது. டீக்கடைக்காரர் ரேடியோவைக் கூட்டிவைத்துக்கொள்கிறார். மூச்சு நிற்காமல் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். ஒரு குழந்தையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாமல் விட்டதற்காக எல்லாக் குழந்தைகளையும் அலறவைப்பது எந்த ஊர் நியாயம்?

காட்பாடியிலிருந்து வந்த வாரமே பாகாயம் போனேன். நரைத்திருந்தார். செருப்பு போட்டிருந்தார், நடந்தால் சத்தம் கேட்டது. நான் யோசனையைச் சொன்னேன். ஊசிக்குப் பிறகு அம்மா பக்கத்தில், கை வயிற்றின் மேல். அவர் தலையை ஆட்டினார்.

"வேணாம்டி. இன்னொரு புள்ள போனா நீ தாங்க மாட்டே."

"கத்துற புள்ளைங்கள வாரம் ரெண்டு தடவ தாங்கிட்டுத்தான் இருக்கேன். அன்னிக்கு நீங்க வாயத் தொறந்திருக்கணும் சிஸ்டர்."

சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் தம்பி மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். முறிக்கிற மருந்து எங்கே இருக்கும் என்று மட்டும் பெரிய சிஸ்டர் கேட்டார். என் உடுப்புப் பையில், ஊசியில் ஏற்றி, அந்தக் குழந்தையின் எடைக்கு அளந்து என்றேன். போர்வை? இடுப்புக்குக் கீழே. இரண்டாவது ஊசி? கிடையாது, அழுதால் கட்டை நிறுத்திக் காத்திருப்போம். ஊதும் பை? கட்டிலிலேயே.

"அப்பவும் எனக்கு பயமாத்தான் இருக்கு" என்றார்.

எனக்கும் இருக்கிறது என்று சொல்லவில்லை. காபி போட எழுந்தார், வேண்டாமென்று வந்துவிட்டேன்.

சர்ஜனைப் பிடிப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பேஜார் பண்ணாதே என்று இரண்டு தடவை விரட்டினார். மூன்றாவது தடவை அவரைக் கட்டு மாற்றும் நேரத்தில் கூட்டிப்போய், காதைப் பொத்திக்கொள்ள இடமில்லாமல் நடுவில் நிற்கவைத்துக் கேட்டேன். ஒரே ஒரு குழந்தை, ஒரே ஒரு தடவை, ஏதாவது ஆனால் உன் தலை என்றார். ஆகட்டும் என்றேன்.

அந்த ஒரு குழந்தை இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண். கொதிக்கிற கஞ்சி தொடையில் கொட்டியிருக்கிறது. டிராலியைப் பார்த்தாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறவள். அவள் அம்மா ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிறாள். இன்று சனிக்கிழமை, அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். குழந்தைகள் எப்போதும் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவார்கள். கை அவள் வயிற்றில் இருக்கட்டும். உங்கள் மூச்சைவிட அவள் மூச்சு மெதுவாகப் போனால், அல்லது நீங்கள் கூப்பிட்டுக் கண் திறக்காவிட்டால், கத்துங்கள். நான் அங்கேதான் நிற்பேன். நான் பார்த்துக்கொண்டிருந்தாலும் கத்துங்கள்.

"வார்டுல கத்துனா திட்டுவாங்களே சிஸ்டர்."

"கத்தலேன்னாதான் திட்டுவேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கத்துறதுக்கு எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம். எங்க தெருவுல வந்து கேளுங்க" என்றாள். திங்கட்கிழமை காலையில் நாஷ்டா சாப்பிட்டுவிட்டு வாருங்கள், நடுவில் எழுந்திருக்க முடியாது என்றேன். சரி என்றாள். பிறகு மகளைத் தொட்டுப் பார்த்து, அவள் போட்டிருந்த வார்டு கவுனைப் பிடித்து இழுத்து, தைக்கிறவள் கண்ணோடு திருப்பிப் பார்த்தாள்.

"இது பின்னால முடிச்சு போடுறது. நெஞ்சு எப்படித் தெரியும்? முன்னால தொறக்குறதா ஒண்ணு இல்லையா?"

இல்லை. எங்கள் மருத்துவமனையில் ஒன்று கூட இல்லை. ஸ்டோரிலிருந்து ஒரு கவுனை யாரிடமும் கேட்காமல் எடுத்து வந்திருக்கிறேன். நாளை ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அவள் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். இருவருமாக அதை முன்பக்கம் வெட்டித் தைக்கப் போகிறோம்.